கை நனைக்கும் அன்பு

(யூபிலி விழாவுக்குத் தயாரிப்பாக நடைபெற்ற தியான நாளில், மாலைத் திருப்பலிக்குப் பின் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ அன்பு என்னும் பொருளைப் பங்குப் பேரவையினர் இத்தியானத்திற்குத் தேர்ந்து கொடுத்தனர். நல்ல பொருள். ஆனால் பேசுகிறவரும் கேட்கிறவரும் சேர்ந்து எளிதாகத் தப்பித்துக்கொள்ளக்கூடிய பொருளும்கூட. நல்ல சமாரியன் உவமையைச் சொல்லலாம். கல்கத்தாவின் தெருவோரங்களில் கிடந்தவர்களைத் தூக்கியெடுத்த புனித அன்னை தெரசாவைச் சொல்லலாம். கேட்போர் உள்ளம் உருகும். கண்களைத் துடைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். கல்கத்தா தொலைவில் இருக்கிறது. அங்கே நாளைக் காலையில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே இன்று நம் வீட்டு வாசற்படிக்கு அருகிலேயே நின்று பேச விரும்புகிறோம்.

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். கொடுப்பதில் நம் மக்கள் குறைந்தவர்கள் அல்லர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் மாவட்டக் கடற்கரையைச் சூறையாடியபோதும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் வேரோடு சாய்த்தபோதும், 2015இல் வெள்ளம் வந்தபோதும் அரிசி, துணி, பாய், பால் பவுடர் என்று வண்டி வண்டியாகப் போயிற்று. தம் சொந்த முந்திரியைப் பறிகொடுத்தவர்களே அடுத்தவருக்குக் கொடுத்த காட்சியும் உண்டு. ஆண்டவர் இவற்றையெல்லாம் கணக்கில் வைத்திருக்கிறார். நாமும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொடுக்கிற கை மேலே இருக்கிறது. வாங்குகிற கை கீழே இருக்கிறது. மேலே இருப்பது நமக்குப் பழகிப்போன இடம். நம் நாட்டில் சாதி என்ற ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறதே, அது ஒருநாளாவது கொடுப்பதைத் தடுத்ததா? இல்லை. அறுவடை நாளில் களத்தில் நெல் அளந்து போடுவார்கள். பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுப்பார்கள். வேலையாளுக்கு வயிறு நிறையக் கூழும் ஊற்றுவார்கள். ஆனால் அதே வேலையாள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சாதியின் எல்லைக்கோடு கொடுப்பதில் இல்லை, வாங்கிக்கொள்வதில் இருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. "அவங்க வீட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்" என்கிறோம். கை நனைத்தல் என்றால் அந்த வீட்டில் உண்பது. ஆயிரம் ரூபாய் கொடுத்துவிடலாம், கை நனைப்பதுதான் கடினம். அன்றாடக் கிறிஸ்தவ அன்பு நம் ஊர்ப்பக்கத்தில் எங்கே சோதிக்கப்படுகிறது என்று கேட்டால், நாம் இந்த இடத்தைத்தான் காட்டுவோம்.

யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். இயேசு பெருமான் நண்பகல் வெயிலில் களைத்துப்போய் யாக்கோபின் கிணற்றருகே உட்காருகிறார். சமாரியப் பெண்ணொருத்தி குடத்தோடு வருகிறாள். அவர் அவளுக்குப் புத்தி சொல்லித் தொடங்கவில்லை, தருமம் கொடுத்துத் தொடங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுத் தொடங்குகிறார். அவள் திகைத்துப் போகிறாள். ஒரு யூதர் தன்னிடம் எப்படிக் கேட்கலாம் என்கிறாள். அவ்விடத்தில் யூதருக்கும் சமாரியருக்கும் உறவு இல்லை என்று நற்செய்தியாளர் ஒரு விளக்கம் தருகிறார். அங்குள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பாத்திரம் சேர்ந்து புழங்குவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம் என்று மறைநூல் அறிஞர் பலர் கூறுவர். புழங்குதல்! இந்தச் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மொண்டு குடிக்க இயேசுவிடம் பாத்திரம் இல்லை என்பதை அந்தப் பெண்ணே சொல்கிறாள். அப்படியானால் அவர் எந்தப் பாத்திரத்தில் குடிக்கக் கேட்டார்? அவளுடைய பாத்திரத்தில்தான். ஆண்டவர் அவளுக்கு வாழ்வளிக்கும் தண்ணீரைக் கொடுத்தார் என்பதை மறையுரைகளில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் அவளிடம் கையேந்தினார் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர் கை நனைத்தது அதோடும் நிற்கவில்லை. அவ்வூரார் வேண்டிக்கொண்டபடி இரண்டு நாள் அங்கேயே தங்கினார் என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. இரண்டு நாள் என்றால் சமாரியர் வீட்டுச் சோறும் சமாரியர் வீட்டுப் பாயும்தானே!

நாம் வேறொரு பங்கில் பணிபுரிந்த காலத்தில், ஊர் பெயர் வேண்டாம், பாஸ்காவுக்குப் பின் வீடு மந்திரிக்கப் போவது வழக்கம். காலனித் தெருவில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு காட்சி. செபம் முடிந்து தீர்த்தம் தெளித்து முடிப்பதற்குள் அந்த வீட்டுப் பையன் கடைக்கு ஓடிப்போய் ஒரு கூல்டிரிங் பாட்டிலோடு மூச்சிரைக்க வந்து நிற்பான். பாட்டிலை நம் கண்முன்னேதான் திறப்பார்கள். தெரு முழுவதும் அப்படியே. நாற்பது வீட்டுக்கு நாற்பது பாட்டில். ஊர்த்தெருவில் அப்படியில்லை, அங்கே வீட்டில் போட்ட காப்பி வரும், முறுக்கு வரும். முதலில் இதை விருந்தோம்பல் என்றே எண்ணத் தோன்றும். ஒரு வீட்டில் வயதான தாய் ஒருவர் இருந்தார். "பாட்டில் வேண்டாம் அம்மா, பானைத் தண்ணீர் ஒரு டம்ளர் கொடுங்கள், போதும்" என்றோம். அந்த அம்மா மகன் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எங்க வீட்டுத் தண்ணியா சாமி?" என்றார். அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. கடையில் அடைத்து விற்கும் பாட்டிலில் அந்த வீட்டுக் கை படவில்லை; ஆகவே அது வருகிறவருக்குச் சங்கடம் தராது. வருகிறவர் மறுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில், மறுக்க இடமே இல்லாத ஒன்றைக் கடனுக்காவது வாங்கி வைக்கிறார்கள். கூலி வேலை செய்கிறவர்கள் அரைநாள் கூலியை இப்படிச் செலவழிக்கிறார்கள். அந்த அம்மா உள்ளே போய் ஒரு செம்பைப் புளி போட்டுத் தேய்க்கும் ஓசை கேட்டது. வெகுநேரம் தேய்த்தார். தண்ணீர் வந்தது, குடித்தோம். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் பாட்டில் பாதியாகக் குறைந்திருந்தது. தெருவிற்கு உபதேசம் எதுவும் நாம் செய்யவில்லை. செம்பு செய்த உபதேசம் அது.

இது இன்று நேற்று முளைத்த சிக்கல் அன்று. நம் மறைமாவட்ட வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. யூபிலி கொண்டாடுகிறபோது நாம் விசுவாசத்தில் மூத்தோரின் பெருமைகளைப் பேசுகிறோம். பக்கத்துக் கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவரைப் பேசுகிறோம், அவர் பாடிய தேம்பாவணியைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் எந்தக் கேள்வி எழுந்தது தெரியுமா? தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அவர் குடிசைக்குள் நுழையலாமா என்ற கேள்வி. நுழைந்தால் மற்றச் சாதியார் அவர் கையால் திருவருட்சாதனங்களைப் பெற மாட்டார்கள் என்ற அச்சம் இருந்தது. ஆகவே சாகும் நிலையில் உள்ளவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வேறோரிடத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் இருந்தது. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் என்பவர் 1704ஆம் ஆண்டு ஜூன் மாதம் புதுச்சேரியிலேயே ஓர் ஆணை பிறப்பித்தார். அவ்வாணையின் பல பிரிவுகளுள் ஒன்று, குருக்கள் அவ்வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்கு அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பது. வாசற்படியைத் தாண்டச் சொல்வதற்கு ஓர் ஆணை வேண்டியிருந்தது! அதைப் பற்றிய வாதம் நாற்பது ஆண்டுகள் நடந்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதிப்படுத்தினார். ஆனாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனியாகக் குருக்களை ஏற்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் அப்போது இடம் கிடைத்தது. படியைத் தாண்டியாயிற்று, ஆனால் தாண்டுகிறவர் வேறு, தாண்டாதவர் வேறு. மறைபரப்பாளர்கள் செய்த தியாகங்களைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. எனினும் இவ்விடத்தில் அவர்கள் ஊருக்குப் பயந்தார்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு 1745. துய்ப்ளே ஆளுநராக இருந்த காலம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அவ்வாண்டுச் செய்தியொன்று இருக்கிறது. புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரைப் பிரித்து வைத்திருந்த சுவரைப் பற்றியது. நாங்களும் உங்கள் சீடர்கள்தாமே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று அம்மக்களே போய்க் கேட்டார்கள். சுவர் எடுக்கப்பட்டது. உடனே மற்றவர்களிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. கேட்டவர்கள் ஏழைகள் என்பதைக் கவனியுங்கள்.

அதே 1745ஆம் ஆண்டில், மே 14 அன்று, தெற்கே வடக்கன்குளத்தில் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாயிடமிருந்து விசுவாசத்தைக் கற்றவர். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மதம் மாறியது மட்டுமே அரண்மனையாரின் சினத்துக்குக் காரணம் அன்று. உயர்ந்த சாதியில் பிறந்தவர் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார், உடன் அமர்ந்தார், உடன் உண்டார். அதுவும் பொறுக்கவில்லை. 1749இல் கைது செய்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது நம் கோயில்கள் தோறும் வெடி போட்டுக் கொண்டாடினோம். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் புனிதர் பட்டத்துக்கு முன் ஒரு சிறு திருத்தம் நடந்தது. அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரைத் திருச்சபை எடுத்துவிட்டது. இறந்து 260 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் அவர் வெறும் தேவசகாயம் ஆனார்.

அவர் திருமுழுக்குப் பெற்ற அந்த வடக்கன்குளத்தில் பின்னாளில் என்ன நடந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். 1872இல் அங்கு எழும்பிய கோயில் இரண்டு கைகளாக விரிந்த கோயில். பீடம் ஒன்று. அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. இடையில் சுவர். ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றவர் மறு கூடத்தில். பீடம் எல்லாருக்கும் தெரியும், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. தேவசகாயத்துக்குத் திருமுழுக்குக் கொடுத்த ஊரில் இப்படி! 1910இல் அந்தச் சுவரை எடுத்தார்கள். எடுக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை கொண்டு போனார்கள். கோயிலுக்குள் சாதிப்படி பிரிந்து உட்காரும் உரிமை எவருக்கும் இல்லை என்று முடிந்தது. யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தியவனுக்கு ஓர் ஓரமும் காட்டுகிறவர்களைக் கடிந்து எழுதியிருக்கிறார். அதை வாசகமாக வாசித்துக் கேட்ட மக்கள்தாம் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

பழைய கதை என்று சொல்லாதீர்கள். 2008 மார்ச் 9 அன்று, நம் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத, நம் உயர்மறைமாவட்டத்தையே சேர்ந்த எறையூரில் என்ன நடந்தது என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். கல்லறை தனி, பிணம் கொண்டுபோகும் வண்டி தனி, ஊர்வலம் போகும் பாதை தனி என்றிருந்த வேற்றுமை, தனிப்பங்கு கேட்கும் நிலைக்கு வந்து, கலவரமாகி, வீடுகள் தாக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. இரு பக்கமும் ஒரே செபமாலை சொல்கிறவர்கள். எந்தப் பக்கம் எவ்வளவு குற்றம் என்று பங்கு போடுவதற்கு நாம் இங்கே கூடவில்லை. ஆனால் ஒரு நாளில் பிறந்த சண்டை அன்று அது. அன்றாடம் கை நனைக்காமல் வாழ்ந்த வாழ்வின் மொத்தக் கணக்கு அன்று தீர்க்கப்பட்டது. அன்றாட அன்பு சிறிய காரியம் என்று எண்ணுகிறவர்கள் எறையூரை நினைத்துக்கொள்ளட்டும்.

மேலிடத்திலிருந்து சொல்லாமலும் இல்லை. 2003 நவம்பரில் நம் பகுதி ஆயர்கள் உரோமைக்குப் போனபோது, கிறிஸ்தவர்களிடையே சாதி வேறுபாட்டின் சாயலே இருக்கக் கூடாது என்று புனித இரண்டாம் யோவான் பவுல் எடுத்துரைத்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாடு பாவம் என்று கொள்கை ஏடே வெளியிட்டது. ஆனால் ஏடுகள் அலமாரியில் இருக்கும். பந்தி அலமாரியில் நடப்பதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று நாம் கறுப்புப் பட்டை அணிகிறோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு அட்டவணைச் சாதிக்குரிய உரிமைகள் மறுக்கப்பட்டன. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திருத்தம் வந்தது, கிறிஸ்தவருக்கு வரவில்லை. நியாயமான கோரிக்கை, நாமும் முன்வரிசையில் நிற்போம். ஆனால் அரசாங்கம் கோப்பை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் கோயில் விருந்தில் இவர்கள் சமைத்தால் சாப்பிடுவீர்களா என்று நம்மைத் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது?

நம் ஊரைச் செராமிக் ஊர் என்கிறார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள். பீங்கான் ஒரே மண்ணால் ஆவதில்லை என்பதை நம்மைவிட நீங்கள் நன்கறிவீர்கள். வெண்களிமண் மட்டும் போட்டால் சரியாக உருப்பிடிக்காது. உருப்பிடிக்க வேறு களிமண் வேண்டும், உருகிப் பிணைக்கப் பெல்ஸ்பார் வேண்டும், விறைப்பாக நிற்கக் குவார்ட்ஸ் வேண்டும். தனித்தனியாக வந்ததைக் கூட்டி அரைத்து, கரைத்து, வடிகட்டி, அச்சில் ஊற்றி, காயவைத்து, ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வேகவைத்து எடுத்த பின், இது இன்ன ஊர் மண், அது இன்ன ஊர் மண் என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா? திருமுழுக்கு என்ற சூளையில் வெந்த நாம் மட்டும் வெந்த பிறகும் பிரிகிறோம். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் செய்த பொருள்களில் பெயர் பெற்றது மின்கம்பத்து இன்சுலேட்டர். மின்சாரத்தை ஒரு பக்கத்திலேயே நிறுத்திவிடுவது அதன் வேலை. கம்பத்துக்கு அது நல்லது. நற்கருணை வாங்கிவிட்டு, அதில் கிடைத்த அருள் நம் தெருவைத் தாண்டாமல் நிறுத்திவிடுகிறோமே, அது யாருக்கும் நல்லதன்று.

டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை போய்விட்டதே என்று சிலர் சொல்வார்கள். பல இடங்களில் போனது குவளைதான். கழுவாமல் தூக்கியெறியும் கப் வந்தது. யார் வாய் வைத்ததில் யார் வாய் வைப்பது என்ற கேள்வியே எழாமல் போயிற்று. கடைக்காரருக்கு நிம்மதி. ஆனால் கேள்வி எழாமல் போனதற்கும் கேள்வி தீர்ந்து போனதற்கும் வேறுபாடு இருக்கிறதல்லவா? திருமணங்களிலும் இப்படித்தான். பத்திரிகை எல்லாத் தெருவுக்கும் போகிறது, மொய்யும் எல்லாத் தெருவிலிருந்தும் வருகிறது. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வந்து சாப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமும் போகிறோம். கோயிலில் திருப்பலி முடிந்ததும் மணமக்கள் கையில் கவரைக் கொடுத்து, "அவசர வேலை இருக்கு, வரேன்பா" என்று கிளம்பிவிடுகிறோம். அந்த அவசர வேலை என்ன என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். இதை ஒரு தெருவாரை மட்டும் நோக்கிச் சொல்லவில்லை. கீழே தள்ளப்பட்டவர்களும் தமக்குக் கீழே இன்னொரு தெருவை வைத்துக்கொண்டு அங்கே கை நனைப்பதில்லை. அவர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் மாதந்தோறும் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறார்கள். நல்ல பணி. 1833இல் பாரிசில் இச்சபையைத் தொடங்கிய முத்திப்பேறு பெற்ற பிரெடெரிக் ஓசனாம் அப்போது இருபது வயது மாணவர். ஏழைகளை வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதன்று, அவர்கள் வீட்டுக்குப் போவதுதான் சபையின் அடிப்படை வேலை என்று வைத்தார்கள். போனால் வாசலில் மூட்டையை இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவதல்ல. உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தண்ணீர் கொண்டு வருவார்கள். அதை வாங்கிக் குடிக்க வேண்டும். கணக்கு நோட்டில் அரிசிக்கு ஒரு பத்தி இருக்கிறது. தண்ணீருக்குப் பத்தி இல்லை, தேவையும் இல்லை.

நம் தாய்மார்கள் ஒன்று கேட்பார்கள். நேரிலேயே கேட்டும் இருக்கிறார்கள். "சுத்தம் பார்க்க வேண்டாமா சாமி?" பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஓட்டலில் உள்ளே எட்டிப் பார்த்தோமா? இரயில் நிலையத்தில் வடை வாங்கும்போது சமைத்தவர் யார் என்று விசாரித்தோமா? விருத்தாசலம் சந்திப்பில் வண்டி நிற்கும் சில நிமிடத்தில் இல்லாத சுத்தக் கேள்வி தெரிந்தவர் வீட்டில் மட்டும் வருமானால், அது சுத்தத்தைப் பற்றிய கேள்வி அன்று. இன்னும் சிலர், "இன்னைக்குத் தண்ணி குடிக்கச் சொல்வீங்க, நாளைக்குப் பொண்ணு கொடுக்கச் சொல்வீங்க" என்பார்கள். அந்தப் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. தண்ணீர் தண்ணீரோடு நிற்காது. சமாரியாவிலும் நிற்கவில்லை. ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணத் தொடங்கினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் மனிதராகக் காண்பார்கள். பிறகு எது நடந்தாலும் அதற்குக் கோயில் கதவு திறந்தே இருக்கும். அஞ்சுகிறவர்கள் அஞ்சட்டும்; பயத்தை ஒரே நாளில் போக்கிவிடலாம் என்று நாம் எண்ணவில்லை. ஆனால் பயத்துக்குச் சுத்தம் என்றும் வழக்கம் என்றும் வேறு பெயர் சூட்ட வேண்டாம்.

கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களிடமும் இதே குறை இருந்தது. ஆண்டவருடைய விருந்துக்குக் கூடி வருகிறார்கள். வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து தாம் கொண்டுவந்ததைத் தாமே உண்டுவிடுகிறார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிற ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். பவுல் இதைக் கேள்விப்பட்டபோது நற்கருணையைப் பற்றித் தாம் எழுதியவற்றிலேயே மிகக் கடுமையான சொற்களை எழுதினார். நற்கருணைக்கும் சாப்பாட்டுப் பந்திக்கும் அவர் நடுவில் கோடு போடவில்லை. நாம் போடுகிறோம். பீடத்தில் ஒரே அப்பத்திலிருந்து வாங்குகிறோம்; அரைமணி நேரம் கழித்துக் கோயிலுக்குப் பின்னால் போட்ட பந்தலில் யார் பக்கத்தில் யார் என்று கண்ணால் தேடுகிறோம்.

ஆகவே யூபிலி விருந்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறோம். பங்குப் பேரவையில் இரண்டு கூட்டங்களில் இதைப் பேசினோம். சமையலைக் கான்ட்ராக்டில் விட்டுவிட்டால் எவருக்கும் சிரமமில்லை என்று சில பெரியவர்கள் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்து சொன்னார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்கள். சண்டை வரக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு. ஆனால் கான்ட்ராக்டு என்பது நாம் மேலே சொன்ன கூல்டிரிங் பாட்டில்தான். அதில் யார் கையும் படாது. அதனால் பேரவை வேறு விதமாக முடிவு செய்திருக்கிறது. இரண்டு பேர் ஒப்பவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லா அன்பியங்களும் தருகின்றன. சமையல் பொறுப்பு காலனியில் உள்ள இரண்டு அன்பியங்களுடையது. அங்கே நாற்பது ஆண்டுகளாகப் பெரிய அண்டாவில் சமைத்துப் பழகிய கைகள் இருக்கின்றன. நம் பங்கில் பலருக்கு இது இதுவரை தெரியாது. அடுப்பு வைப்பதும் அந்தத் தெரு மைதானத்தில்தான், பந்தலும் அங்கேதான். கோயிலிலிருந்து பவனியாக நடந்து போவோம். பந்தி ஒன்றே, வருகிறவர் வருகிற வரிசையில் உட்கார வேண்டும், யாருக்கும் இடம் பிடித்து வைக்கக் கூடாது. முதல் பந்தியில் நாமும் உட்காருகிறோம். பந்தி விசாரிக்கும் வேலை இளைஞர் இயக்கத்தாருடையது. பரிமாறுவதற்கு ஊர்த்தெரு அன்பியத்தாரில் பதினைந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் பேர் வேண்டும்.

முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் காய் நறுக்கத் தொடங்குவார்கள். வெங்காயம் மட்டும் மூன்று மூட்டை இருக்கிறது. தாய்மார்கள் எல்லாத் தெருவிலிருந்தும் வர வேண்டும். வருகிறவர்கள் அரிவாள்மணையை வீட்டிலிருந்தே கொண்டு வாருங்கள், அதில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டு வாருங்கள்; பொங்கல் விழாவில் இரண்டு மாறிப்போய் இன்னும் கோயில் அறையில் கிடக்கின்றன.